பிரஷர் குளிசை இதயத்தில் என்ன செய்கிறது? தடித்துப்போன இதயத் தசை பற்றி அறிய வேண்டியவை

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோரத்தின் எந்த ஊரை எடுத்தாலும் கிளினிக் கொப்பி இல்லாத வீடு அரிது. மாதத்தில் ஒரு நாள் காலையில் அந்தக் கொப்பியை ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு உம்மாவோ வாப்பாவோ வைத்தியசாலை வரிசைக்குப் போவார்கள். பிரஷர் பார்ப்பார்கள், ஒரு மாதத்துக்குரிய குளிசைகளை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அந்தக் கொப்பியில் ஒரு நாள் வைத்தியர் புதிதாக ஒரு வரி எழுதுகிறார். கேட்டால், "இதயத்தின் தசை கொஞ்சம் தடித்திருக்கிறது" என்கிறார். வீட்டில் பயம் தொடங்குகிறது.

பயத்துக்குப் பின்னால் இரண்டு கேள்விகள் வரும். தடித்த தசை இனிக் குறையுமா? பிரஷர் இறங்கிவிட்டால் குளிசையை நிறுத்தலாமா? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் "ஆம்" என்பதே பதில். இரண்டாவதற்கு, வைத்தியர் சொல்லாமல் "கூடாது" என்பதே பதில். இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில் உள்ள தொடர்பை விளங்கிக்கொண்டால், ஒவ்வொரு நாளும் ஒரு குளிசை விழுங்குவது ஏன் என்பது தெளிவாகும்.

இதயம் ஏன் தடிக்கிறது?

இதயத்தில் நான்கு அறைகள் உண்டு. உடம்பு முழுவதற்கும் குருதியைத் தள்ளும் வேலை இடது இதயவறைக்கு உரியது. அதன் சுவர் சாதாரணமாக 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை தடிப்பாக இருக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை அது சுருங்கி விரிகிறது.

பிரஷர் என்று நாம் சொல்லும் குருதியமுக்கம், அந்த அறை எந்த எதிர்ப்புக்கு எதிராகத் தள்ள வேண்டும் என்பதைக் காட்டும் அளவு. மேல் இலக்கம் 120 ஆக இருக்கும்போது செய்யும் வேலையை விட, 160 ஆக இருக்கும்போது ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான பலம் தேவை. கரைவலை இழுப்பவர்களின் தோளும் புயமும் திரண்டு போவதைப் போல, சுமை கூடக் கூட இதயத் தசையும் தடிக்கிறது. ஆனால் வலை இழுப்பவர் இரவில் ஓய்வெடுக்கிறார். இதயத்துக்கு அந்த ஓய்வு இல்லை. உயர் பிரஷர் தூக்கத்திலும் விடுவதில்லை.

இங்கே ஒரு முக்கியமான விடயம் உண்டு. தசை தடிக்கும்போது இதயத்தின் தசைக் கலங்கள் எண்ணிக்கையில் கூடுவதில்லை. இருக்கிற கலங்களே பருத்துப் போகின்றன. அவற்றுக்கு இடையில் கொலாஜன் என்ற நார்ப் பொருளும் படிகிறது. தழும்பில் இருக்கும் அதே வகை நார்தான் அது. அதனால் சுவர் தடிப்பதோடு விறைப்பாகவும் ஆகிறது.

விறைத்த சுவர் இரண்டு தொல்லைகளைத் தருகிறது. ஒன்று, அறை நன்றாக விரியாததால் குருதி இலகுவாக நிரம்புவதில்லை. பின்னால் உள்ள நுரையீரலில் அமுக்கம் கூடி மூச்சு வாங்குகிறது. மற்றது, பருத்த தசைக்குத் தேவையான அளவுக்கு அதற்குக் குருதி கொண்டுவரும் சிறு நாடிகள் பெருகுவதில்லை. எனவே மாரடைப்புக்கும் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடுவதற்கும் வழி திறக்கிறது. துடிப்பு ஒழுங்கு கெட்டால் இதயத்துக்குள் குருதி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வரலாம்.

அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகர மக்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வு, 1990இல் இதை இலக்கங்களோடு எடுத்துக் காட்டியது. இடது இதயவறையின் தசைப் பருமன் கூடியவர்களுக்கு, பிரஷரைக் கணக்கில் எடுத்த பின்னரும், இதய நோய்களும் மரணமும் அதிகமாக நேர்ந்தன. அதாவது, தடித்த தசை வெறும் அடையாளம் அல்ல, அது தானே ஒரு ஆபத்து.

இதில் வஞ்சகம் என்னவென்றால், பல வருடங்களுக்கு ஒன்றுமே தெரியாது. தலைவலி இல்லை, நெஞ்சுவலி இல்லை. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே" என்று சொல்பவரின் இதயச் சுவர் 13 மில்லிமீற்றராக இருக்கலாம்.

எல்லாப் "பெருத்த இதயமும்" ஒன்றல்ல

"இதயம் பெருத்திருக்கிறது" என்ற ஒரே வசனத்துக்குள் வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. மருந்தும் அதற்கேற்ப மாறும். இதை விளங்காமல் பக்கத்து வீட்டுக்காரரின் குளிசையை வாங்கிக் குடிப்பது ஆபத்து.

முதலாவது, பிரஷரால் சுவர் தடிப்பது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

இரண்டாவது, அறை விரிந்து, சுவர் மெலிந்து, பலம் குறைந்து போவது. மாரடைப்புக்குப் பிறகும், சில வைரஸ் தொற்றுகளுக்குப் பிறகும், நீண்ட காலம் கவனிக்காத பிரஷரின் கடைசிக் கட்டத்திலும் இது வரலாம்.

மூன்றாவது, பரம்பரையாக வரும் தசைத் தடிப்பு. பிரஷர் இல்லாத இளைஞருக்கும் இது இருக்கலாம். சிலருக்குத் தடித்த தசை குருதி வெளியேறும் வழியையே மறிக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு நாடிகளைத் தளர்த்தும் சில பிரஷர் மருந்துகள் நன்மைக்குப் பதிலாகத் தீமை செய்யக்கூடும். குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர்கள் இருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நான்காவது, தொகுதிப் பெருநாடியின் வாயிலில் உள்ள வால்வு ஒடுங்குவதால் வரும் தடிப்பு. அதற்குக் குளிசை மட்டும் போதாது. வால்வைச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய உதவுவது எக்கோ பரிசோதனை. ஈசிஜி மலிவானது, விரைவானது, ஆனால் தடித்த இதயங்கள் பலவற்றை அது தவறவிடும். ஈசிஜி சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் தசை தடிக்கவில்லை என்று முடிவெடுக்க முடியாது. எக்கோவில் சுவரின் தடிப்பை மில்லிமீற்றரில் அளக்கலாம், வால்வுகளைப் பார்க்கலாம், அறை விரிந்திருக்கிறதா என்றும் அறியலாம்.

மருந்து இரண்டு வழிகளில் வேலை செய்கிறது

முதல் வழி இலகுவில் விளங்கும். பிரஷர் குறைந்தால் சுமை குறைகிறது. சுமை குறைந்தால் தசைக்குப் பருத்திருக்க வேண்டிய தேவை இல்லை. மெல்ல மெல்ல அது சுருங்குகிறது.

ஆனால் சுமை மட்டும்தான் காரணம் என்றால், பிரஷரை இறக்கும் எந்த மருந்தும் ஒரே அளவு பலன் தர வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஹைட்ரலசின், மினொக்சிடில் போன்ற பழைய மருந்துகள் நாடிகளை நேரடியாக விரித்துப் பிரஷரை நன்றாக இறக்கும். ஆனாலும் அவற்றைத் தனியாகக் கொடுத்தபோது தசைத் தடிப்பு எதிர்பார்த்த அளவு குறையவில்லை. காரணம், பிரஷர் திடீரென இறங்குவதை உடம்பு ஆபத்தாக எடுத்துக்கொண்டு, இதயத்தைத் தூண்டும் நரம்புகளையும் ஹோர்மோன்களையும் முடுக்கிவிடுகிறது.

இங்கேதான் இரண்டாவது வழி வருகிறது. நமது சிறுநீரகங்கள் ரெனின் என்ற பொருளைச் சுரக்கின்றன. அதன் தொடர்ச்சியாக அஞ்சியோடென்சின் என்ற ஹோர்மோன் உருவாகிறது. அது நாடிகளை இறுக்குகிறது, உப்பைத் தேக்கி வைக்கும் அல்டோஸ்டெரோன் என்ற மற்றொரு ஹோர்மோனைச் சுரக்கச் செய்கிறது. அதோடு நின்றுவிடாமல், இதயத் தசைக் கலங்களை நேரடியாகப் பருக்கத் தூண்டுவதும், இடையில் நார் படியச் செய்வதும் இந்த ஹோர்மோன்களே. ஆகவே அவற்றைத் தடுக்கும் மருந்துகள் சுமையையும் இறக்குகின்றன, பருக்கச் சொல்லும் கட்டளையையும் நிறுத்துகின்றன.

எந்த மருந்து எவ்வளவு?

2003இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 80 மருந்துப் பரிசோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பிரஷர் மருந்துகளின் ஐந்து பெரிய வகைகளும் இடது இதயவறையின் தசைப் பருமனைக் குறைத்தன. ஆனால் அளவு வேறுபட்டது.

லொசாட்டன், டெல்மிசாட்டன் போன்றவை: ஏறக்குறைய 13 சதவீதம். இவை அஞ்சியோடென்சின் கலங்களில் போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகின்றன. நமது கிளினிக்குகளில் மிகவும் பழக்கமான பெயர் லொசாட்டன்.

அம்லோடிபின், நிபெடிபின் போன்றவை: ஏறக்குறைய 11 சதவீதம். இவை நாடிச் சுவரின் தசைக்குள் கல்சியம் நுழைவதைக் குறைத்து, நாடியைத் தளர்த்துகின்றன. சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது பெரும்பாலும் மருந்தின் பக்கவிளைவு. இருந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் இதயம் பலவீனமானாலும் கால் வீங்கும்.

எனலாப்ரில், கப்டோப்ரில் போன்றவை: ஏறக்குறைய 10 சதவீதம். இவை அஞ்சியோடென்சின் உருவாவதையே தடுக்கின்றன. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததில் பிறந்த வகை இது. சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அப்படியானால் வைத்தியர் லொசாட்டனுக்கு மாற்றிவிடுவார்.

ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற சிறுநீர் போக்கும் குளிசைகள்: ஏறக்குறைய 8 சதவீதம். உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. பொட்டாசியம் குறையலாம், யூரிக் அமிலம் கூடலாம்.

அட்டெனலோல் போன்ற, இதயத் துடிப்பை மெதுவாக்கும் மருந்துகள்: ஏறக்குறைய 6 சதவீதம். தசைத் தடிப்பைக் குறைப்பதில் இவை பின்தங்கியவை. ஆனால் மாரடைப்புக்குப் பின்னரும், நெஞ்சுவலிக்கும், ஒழுங்கற்ற துடிப்புக்கும் இந்த வகை மருந்துகள் மிகவும் தேவையானவை. இவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இந்த இலக்கங்களை வைத்துக்கொண்டு "எனக்கு 13 சதவீத மருந்துதான் வேண்டும்" என்று கேட்க முடியாது. ஒருவருடைய சிறுநீரகம், சீனி வருத்தம், வயது, மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் வைத்தியர் தெரிவு செய்கிறார். பலருக்கு இரண்டு அல்லது மூன்று வகைகள் சேர்ந்துதான் தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கை பெண்களுக்கு. லொசாட்டன், எனலாப்ரில் ஆகிய இரண்டு வகைகளையும் கர்ப்ப காலத்தில் எடுக்கக் கூடாது. வயிற்றிலுள்ள குழந்தையின் சிறுநீரகங்களை அவை பாதிக்கும். பிரஷர் குளிசை குடிக்கும் பெண் பிள்ளை பெற எண்ணினால், முன்கூட்டியே கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

அறை விரிந்து பலம் குறைந்த இதயத்துக்கு நிலைமை வேறு. அங்கே எனலாப்ரில் வகையோடு பைசொப்ரலோல் அல்லது கார்வெடிலோல், ஸ்பைரோனோலக்டோன் போன்றவை சேர்க்கப்படுகின்றன. பிரஷர் சாதாரணமாக இருப்பவருக்கும் இவற்றைக் கொடுப்பார்கள். "எனக்குப் பிரஷர் இல்லையே, ஏன் பிரஷர் குளிசை?" என்று கேட்பவருக்கு இதுதான் விடை. நோக்கம் இதயத்தைக் காப்பது.

ஒரே பிரஷர், வேறு முடிவு

தடித்த இதயத்துக்கும் மருந்துக்கும் உள்ள உறவைப் பற்றிய பெரிய பரிசோதனைகளில் ஒன்று 2002இல் "லான்செட்" மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. "லைஃப்" என்று அதைச் சுருக்கமாக அழைப்பர். டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நோர்வே, சுவீடன், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய ஏழு நாடுகளில், 55 முதல் 80 வயது வரையான 9,193 பேர் சேர்க்கப்பட்டனர். எல்லோருக்கும் உயர் பிரஷர் இருந்தது, ஈசிஜியில் தசைத் தடிப்பும் தெரிந்தது. ஒரு பகுதியினருக்கு லொசாட்டனும் மறுபகுதியினருக்கு அட்டெனலோலும் அடிப்படை மருந்தாகக் கொடுக்கப்பட்டன. ஏறக்குறைய ஐந்து வருடங்கள் பின்தொடர்ந்தார்கள்.

இரண்டு பகுதியினரிலும் பிரஷர் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியது. ஆனால் இதய நோயால் மரணம், மாரடைப்பு, பாரிசவாதம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது லொசாட்டன் பிரிவில் அவை 13 சதவீதம் குறைவு. பாரிசவாதம் மட்டும் 25 சதவீதம் குறைவு. மாரடைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. தசைத் தடிப்பு லொசாட்டன் பிரிவில் கூடுதலாகக் குறைந்தது. எந்த மருந்தாக இருந்தாலும், யாருடைய தடிப்பு குறைந்ததோ அவர்களுக்கு ஆபத்தும் குறைந்தது என்பது பின்னைய ஆய்வுகளில் தெரிந்தது.

இலக்கு எவ்வளவு என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 9,361 பேரை வைத்துச் செய்யப்பட்ட "ஸ்பிரிண்ட்" ஆய்வில், மேல் இலக்கத்தை 140க்குக் கீழே வைத்தவர்களை விட, 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்குப் புதிதாகத் தசை தடிப்பது குறைந்தது, ஏற்கெனவே தடித்திருந்தது மீள்வதும் கூடியது. ஆனால் மிகவும் இறக்கினால் தலைச்சுற்றும், மயக்கமும், சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும். உங்களுக்குரிய இலக்கு எது என்பதைக் கிளினிக்கில் கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எவ்வளவு காலம் எடுக்கும்?

பிரஷர் சில வாரங்களில் இறங்கும். தசை அப்படியல்ல. முதல் ஆறு மாதங்களில் மாற்றம் தொடங்கும், இரண்டு வருடங்கள் வரை நன்றாகத் தெரியும், அதற்குப் பிறகும் மெதுவாகத் தொடரும். நார் படிந்த பகுதி முழுமையாக மறையாமல் போகலாம். மருந்தை நிறுத்தினால் பிரஷர் திரும்ப ஏறும், தசையும் திரும்பத் தடிக்கும்.

இதனால்தான் கிளினிக்கில் அடிக்கடி கேட்கப்படும் அந்தக் கேள்வி, "டொக்டர், பிரஷர் 130க்கு வந்திட்டே, இனியும் குளிசை எதுக்கு?" என்பது, பிழையான கணக்கில் நிற்கிறது. 130 என்பது குளிசை குடித்ததால் வந்த 130. அந்த இலக்கம் இறங்கிய நாளில் இதயத்தின் திருத்த வேலை தொடங்குகிறது, முடிவதில்லை.

இலங்கையில் கிடைத்த விடைகள்

வெளிநாட்டு ஆய்வுகள் நமக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். இலங்கையிலேயே செய்யப்பட்ட ஒரு பரிசோதனை 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. இங்குள்ள 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 நோயாளிகள் கலந்துகொண்டனர். ஒரு பகுதியினருக்கு டெல்மிசாட்டன், அம்லோடிபின், குளோதலிடோன் என்ற மூன்று மருந்துகளும் குறைந்த அளவில் அடங்கிய ஒரே குளிசை கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு வழமையான சிகிச்சை. ஆறு மாத முடிவில், மூன்று மருந்துக் குளிசை எடுத்தவர்களில் 70 சதவீதமானோரும், வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 55 சதவீதமானோரும் இலக்கை அடைந்தனர். ஒரு மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதை விட, பல மருந்துகளைச் சிறு அளவில் ஒன்றாகத் தருவது கூடப் பலன் தரலாம் என்பது இதன் பாடம். கொப்பியில் மூன்று மருந்துப் பெயர்களைக் கண்டால் "வருத்தம் முற்றிவிட்டது" என்று கலங்கத் தேவையில்லை.

மற்றொரு ஆய்வு 2020இல் வெளியானது. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேர் பங்குபற்றினர். அரச சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்தார்கள், குளிசையையும் உணவையும் பற்றிக் கதைத்தார்கள், தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தின் பின், வழமையான கவனிப்பை விட மேல் இலக்கம் சராசரியாக 5 அலகு கூடுதலாக இறங்கியிருந்தது. அங்கே புதிய மருந்து ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் வீட்டுப் படியேறி வந்து கேட்டதே மாற்றத்தைத் தந்தது. அந்த ஒருவராக மகளோ பேரனோ இருக்கலாம்.

குளிசை நின்றுபோகும் காலங்கள்

நமது கரையோரத்தில் மருந்து நின்றுபோவதற்குச் சோம்பல் மட்டும் காரணமாக இருந்ததில்லை. யுத்த காலத்தில் பாதை மூடினால் கிளினிக் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். உயிர் தப்பியவர்களில் பலரது வீட்டோடு கொப்பியும் மருந்தும் போயின. 2022 பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துகள் தட்டுப்பட்டன, வெளியில் வாங்கச் சொன்னால் விலை ஏறியிருந்தது. ஒரு குளிசையை இரண்டாக உடைத்துக் குடித்தவர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்தவர்கள் நம் எல்லோருக்கும் தெரிந்தவர்களே.

இடம்பெயர்வும் இழப்பும் நித்திரையின்மையும் தீராத பதற்றமும் பிரஷரோடு தொடர்புள்ளவை. கவலைக்கு உதவி கேட்பதும் இதயத்தைப் பார்த்துக்கொள்வதன் ஒரு பகுதி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்படியான நாட்களுக்கு நாம் முன்கூட்டியே செய்யக்கூடியவை சில உண்டு. மருந்தின் உண்மையான பெயரையும் அளவையும் தெரிந்துவைத்தல் முதலாவது. "வெள்ளைக் குளிசை, சின்னது" என்று சொன்னால் வேறு ஊர் வைத்தியருக்கு விளங்காது. "லொசாட்டன் 50 மில்லிகிராம்" என்றால் எங்கும் விளங்கும். பேராசிரியர் சேனக பிபிலே வகுத்த மருந்துக் கொள்கையின் அடிப்படையும் இதுவே. கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரால் வாங்கினால் செலவு குறையும் என்பதை அவர் நாட்டுக்கு எடுத்துக் காட்டினார். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அந்த எண்ணத்தில் பிறந்தது.

இரண்டாவது, கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் தொலைபேசியில் படம் பிடித்து, வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பிவைத்தல். மூன்றாவது, மருந்து முடிய ஒரு கிழமைக்கு முன்பே கவனித்தல். நான்காவது, ஒரு மருந்து கிடைக்காவிட்டால் அதே வகையில் வேறொன்று உண்டா என்று கேட்டல். லொசாட்டன் இல்லையென்றால் அதற்கு மாற்று உண்டு. அதைத் தெரிவு செய்வது வைத்தியரின் வேலை, கேட்பது நம் உரிமை.

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஒரே நகருக்குள் நிற்கின்றன. யார் எங்கே போவது என்பதில் நமது கடந்த காலத்தின் கோடுகள் தெரியலாம். தடித்த இதயத் தசைக்கு அந்தக் கோடுகள் தெரியாது. எது பக்கத்தில் இருக்கிறதோ, எதில் தொடர்ந்து போக முடியுமோ, அங்கே போங்கள்.

நோன்பும் குளிசையும்

ரமழானில் பலர் தாமாகவே மருந்தை மாற்றிக்கொள்கிறார்கள். சிலர் ஒரு மாதம் முழுவதும் விட்டுவிடுகிறார்கள். இது தேவையற்ற ஆபத்து. ஒரு நாளைக்கு ஒரு தடவை எடுக்கும் குளிசையை நோன்பு திறந்த பின்னோ ஸஹரிலோ எடுக்கலாம். இரண்டு தடவை எடுப்பதை இரண்டு நேரத்துக்கும் பிரிக்கலாம். மூன்று தடவை எடுப்பதாக இருந்தால், நீண்ட நேரம் வேலை செய்யும் வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சிறுநீர் போக்கும் குளிசையை ஸஹரில் எடுத்தால் பகலில் உடம்பு வரண்டு தலைசுற்றலாம். அதைப் பெரும்பாலும் நோன்பு திறந்த பின்னுக்கு மாற்றுவார்கள். இந்த மாற்றங்களை நோன்புக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன் கிளினிக்கில் பேசித் தீர்மானிக்க வேண்டும்.

இதயம் பலவீனமானவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், பிரஷர் கட்டுப்பாட்டுக்குள் வராதவர்கள் நோன்பு பிடிக்கலாமா என்பதை வைத்தியரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு.

குசினியிலும் கடையிலும் இருக்கும் எதிரிகள்

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. கருவாடு, மாசி, ஊறுகாய், மிக்சர், இப்தார் நேரத்து ரோல்ஸ், சமோசா எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. உப்புக் கூடினால் மருந்தின் பலன் குறையும். கருவாட்டை அடியோடு விடச் சொன்னால் நடக்காது. கிழமையில் ஒரு நாளாக்குங்கள், ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள், அன்றைய மற்றக் கறிகளில் உப்பைக் குறையுங்கள்.

முழங்கால் வலிக்கு பாமசியில் சும்மா வாங்கும் டைக்லோபெனக், ஐபுபுரூபன் போன்ற குளிசைகள் பிரஷரை ஏற்றும், லொசாட்டன், எனலாப்ரில் ஆகியவற்றோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் பாதிக்கும். வலிக்குப் பரசிட்டமோல் போதுமா என்று கேளுங்கள்.

இருமலுக்குக் குடிக்கும் கசாயத்தில் அதிமதுரம் இருந்தால் அதிலும் கவனம் தேவை. தொடர்ந்து அதிகமாக எடுத்தால் அது உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் லொசாட்டன் வகையோடு இளநீரையும் வாழைப்பழத்தையும் அளவில்லாமல் எடுத்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் கூடலாம்.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை

என் தசைத் தடிப்பு பிரஷரால் வந்ததா, வேறு காரணமா? எனக்கு எக்கோ செய்ய வேண்டுமா, செய்திருந்தால் சுவரின் அளவு எவ்வளவு, மீண்டும் எப்போது பார்ப்பது? என் பிரஷரின் இலக்கு என்ன? பொட்டாசியமும் சிறுநீரகமும் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன? இந்த மருந்துகளில் இதயத்தைக் காப்பது எது?

வீட்டில் மெஷின் இருந்தால், ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, காலையிலும் மாலையிலும் பார்த்து எழுதி வையுங்கள். கிளினிக்கில் எடுக்கும் ஒரு இலக்கத்தை விட ஒரு கிழமைக் கணக்கு வைத்தியருக்குக் கூட உதவும். 35 வயதைத் தாண்டியவர்கள், வருத்தம் ஒன்றும் இல்லாவிட்டாலும், அரச ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இலவசமாகப் பிரஷரைப் பார்க்கலாம். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உயர் பிரஷர் உண்டு. அவர்களில் பலருக்கு அது தெரியாது.

நெஞ்சை அமுக்குவது போன்ற வலி, படுத்தால் மூச்சு முட்டி எழும்புதல், திடீர் மயக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

தடித்த இதயத் தசை ஒரு தீர்ப்பு அல்ல. வருடக்கணக்காக ஏறிய சுமையின் அடையாளம் அது. அந்தச் சுமையை இறக்க மருந்து இருக்கிறது, நமது அரச கிளினிக்குகளில் இலவசமாகவே கிடைக்கிறது. அது வேலை செய்ய இரண்டு வருடங்கள் வேண்டும். அந்த இரண்டு வருடங்களில் ஒரு நாளையும் தவற விடாமல் இருப்பது மட்டுமே நம் பக்கத்து வேலை. இன்றிரவு வீட்டில் கொப்பியை எடுத்துப் பாருங்கள். உம்மா குடிக்கும் குளிசையின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?